திருட்டா? திரட்டா?

"திருட்டு!" என்றான் ஒருவன்.

"இல்லை, திரட்டு!" என்றான் மற்றவன்.

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில், பொழுது சாயும் வேளையில், தேநீர்க் கடையொன்றின் மரப்பலகையில் அமர்ந்து இரு இளைஞர்கள் சொற்போர் நடத்திக்கொண்டிருந்தனர். மூத்தவன் கல்லூரியில் பயில்பவன். 'ராக்' இசை என்றால் உணவையும் மறப்பவன். இளையவன் நெசவாளர் வீட்டுப் பிள்ளை. 'ஹிப்-ஹாப்' பாட்டைக் காதில் மாட்டிக்கொண்டே தறியில் அமர்பவன்.

"கிதாரைக் கையில் எடுத்து, விரல் தேய, நரம்பு தெறிக்க வாசிப்பதுதானடா இசை. எவனோ வாசித்து வைத்த இசைத்தட்டில் நான்கு நொடியை நறுக்கி எடுத்து, அதையே செக்குமாடுபோல் சுற்றவிட்டு, அதன்மேல் பேசிக்கொண்டு போவதா இசை? உழுதவன் ஒருவன், அறுத்தவன் ஒருவனா?" இது மூத்தவன் கேள்வி.

"அண்ணே, உங்கள் ராக் மட்டும் வானத்திலிருந்தா விழுந்தது? பருத்திக் காட்டிலே கறுப்பர்கள் கண்ணீரோடு பாடிய பாட்டைத்தானே வெள்ளைக்காரர்கள் வாங்கி, வெள்ளையடித்து விற்றார்கள்?" இது இளையவன் பதில்.

பக்கத்தில் அமர்ந்திருந்த முதியவர், தறியிலே முதுகு வளைந்தவர், குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பிகளா! எடுத்தானா, எடுக்கவில்லையா என்றே பேசுகிறீர்கள். எடுக்காதவன் எவன்? எடுத்தவன் சொன்னானா? கொடுத்தானா? அதைக் கேளுங்கள்."

சொன்னானா? கொடுத்தானா? இரண்டே கேள்விகள். இசையின் வரலாற்றை இந்த இரண்டு கேள்விகளைக் கொண்டு துருவிப் பார்த்தால், மேடையில் மாலை சூடி நிற்போர் சிலர் தலைகுனிய வேண்டிவரும். மேடைக்கே ஏற்றப்படாத பலர் தலைநிமிர்வர்.

*

முதலில் மேல்நாட்டு வழக்கை எடுத்துக்கொள்வோம்.

1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள். நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதி, ஏழைக் கறுப்பர்களும் பிழைப்புத் தேடி வந்தோரும் நெருங்கி வாழும் இடம். ஜமைக்காத் தீவிலிருந்து வந்த குடும்பத்தின் மகள் ஒருத்தி, பள்ளி செல்லப் புத்தாடை வாங்கப் பணம் திரட்டுவதற்காக, குடியிருப்பின் கூடத்தில் ஆடல் விருந்து ஒன்று நடத்தினாள். இசைத்தட்டுகளைச் சுழற்றும் பொறுப்பு அவள் அண்ணன் கிளைவ் காம்ப்பெல்லுடையது. 'கூல் ஹெர்க்' என்று உலகறிந்தது அவரைத்தான். பாட்டு முழுவதையும் கேட்டு நிற்பதைவிட, பாட்டு அடங்கி முழவு மட்டும் தனித்து ஒலிக்கும் சில நொடிகளிலேதான் ஆடுவோர் கால்கள் துள்ளுகின்றன என்பதை அவர் கண்டார். ஒரே இசைத்தட்டின் இரு படிகளை இரு சுழலிகளில் ஏற்றி, அந்தச் சில நொடிகளை மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டு நீட்டினார். இசைக்கருவி வாங்கக் காசில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இசைத்தட்டே கருவி ஆயிற்று. ஹிப்-ஹாப் பிறந்த கதை இது. பின்னாளில் பொறிகள் பெருகி, ஒலித்துண்டை எடுத்துப் பதித்து வேண்டியபடி கோக்கும் வழி வந்தது. 'சாம்பிளிங்' என்று பெயர் பெற்ற கலை அதுதான்.

அந்த இளைஞர்கள் கறுப்பர் இசையை மட்டுமா சுழற்றினார்கள்? வெள்ளையர் ராக் இசைத்தட்டுகளையும் சுழற்றினார்கள். 'ஏரோஸ்மித்' என்னும் ராக் குழு 1975இல் வெளியிட்ட 'வாக் திஸ் வே' என்ற பாட்டின் தொடக்க முழவொலி, நியூயார்க் தெரு ஆட்டங்களில் பெயர் பெற்றிருந்தது. 1986இல், 'ரன்-டி.எம்.சி.' என்ற கறுப்பினக் குழு அதே பாட்டை, அதைப் படைத்த ஸ்டீவன் டைலரையும் ஜோ பெர்ரியையும் உடன் அழைத்துப் புதிதாகப் பாடியது. படத்திலே இரு குழுக்களுக்கும் நடுவே ஒரு சுவர். பாட்டின் போக்கில் அந்தச் சுவர் உடைகிறது. அமெரிக்கப் பாட்டு வரிசையில் நான்காம் இடம் வரை ஏறியது அப்பாட்டு. சரிந்துகிடந்த ஏரோஸ்மித்தும் நிமிர்ந்தது. எடுத்தார்கள், உரியவரை அழைத்து அருகில் நிறுத்தினார்கள். சொன்னார்கள், கொடுத்தார்கள். பயன் இரு பக்கமும் விளைந்தது.

ஆனால் எல்லாக் கதையும் இப்படி இனிமையாக முடியவில்லை.

1927இல் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆறு பெருக்கெடுத்து, கரை உடைத்து, ஊர்களை விழுங்கிற்று. கரையை உயர்த்தக் கறுப்பின உழைப்பாளிகளைத் துப்பாக்கி முனையில் நிறுத்தி வேலை வாங்கினர். அந்தத் துயரை 1929இல் பாட்டாக்கிப் பதிவு செய்தனர் மெம்பிஸ் மின்னி என்ற பெண்ணும் அவர் கணவர் கான்சஸ் ஜோ மெக்காயும். 1971இல் 'லெட் செப்பலின்' என்னும் ஆங்கிலேய ராக் குழு அதை எடுத்து, இடிமுழக்கம் போன்ற முழவோடு வெளியிட்டது. 1986இல் 'பீஸ்டி பாய்ஸ்' என்ற வெள்ளையின ஹிப்-ஹாப் குழு அந்த முழவை மட்டும் வெட்டியெடுத்துத் தன் பாட்டுக்கு அடித்தளம் ஆக்கிற்று. கறுப்புப் பெண்ணின் கண்ணீர், ஆங்கிலேயனின் முழவு, நியூயார்க் இளைஞனின் பேச்சு: இதில் எந்த இடத்தில் கோடு கிழித்து, 'இதுவரை கலை, இதற்குமேல் களவு' என்று தீர்ப்பளிப்பது? ஏனாத்தூரின் இரு இளைஞர்களும் தத்தம் இசையைத் தூயது என்றார்களே, இந்த ஒரு பாட்டின் பயணம் போதாதா இருவர் வாதத்தையும் வாயடைக்க?

மெம்பிஸ் மின்னியின் பெயரையாவது லெட் செப்பலின் தன் இசைத்தட்டில் பொறித்தது. அதே குழு, வில்லி டிக்சன் என்ற கறுப்பினப் பாடலாசிரியரின் சொற்களை 1969இல் பயன்படுத்தியபோது அவர் பெயரைச் சொல்லவில்லை. 1985இல் டிக்சன் வழக்குத் தொடுத்தார். இரண்டாண்டு கழித்துப் பணம் தந்து இணங்கிப் போயினர். ராக்கின் அரண்மனை இது.

ஹிப்-ஹாப்பின் குடிசை மட்டும் குற்றமற்றதா? 1969இல் 'தி வின்ஸ்டன்ஸ்' என்ற குழு வெளியிட்ட பாட்டொன்றில் கிரெகரி கோல்மன் தனித்து முழவு கொட்டிய பகுதி ஏறத்தாழ ஆறேழு நொடி. அந்தத் துண்டை எடுத்து ஆயிரக்கணக்கான பாட்டுகள் எழுந்தன. ஆயிரம் மாளிகைக்கு அடிக்கல் நாட்டியவர், 2006இல் வீடற்றவராக மாண்டார். அந்த முழவொலிக்கென அவருக்குப் பங்குத்தொகை வந்து சேர்ந்ததில்லை. இவ்வளவுக்கும் அவர் கறுப்பர். எடுத்தாண்டவர்களில் பெரும் பகுதியினரும் எளிய குடியில் பிறந்தவர்கள். ஏழை எடுத்தாலும், ஏழையிடமிருந்து எடுத்தால் இழப்பு இழப்புத்தான்!

1991இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, இசைவின்றி ஒலித்துண்டு எடுத்த வழக்கில், 'திருடாதே' என்ற விவிலியக் கட்டளையையே தலைவாசகமாக வைத்துத் தீர்ப்பளித்தது. அதன்பின் துண்டு எடுப்போர் இசைவு பெற்று, தொகை கட்ட வேண்டியதாயிற்று. நல்லதுதானே என்பீர். பாதி நல்லது. பணம் படைத்த குழுக்கள் வாங்கின. பணமற்ற இளைஞர்கள் கைகட்டி நின்றனர். வாங்கிய பணமும் வாசித்தவன் கைக்குப் போகாமல், இசைத்தட்டுக்கு உரிமை கொண்ட நிறுவனத்தின் பெட்டிக்குப் போன நிகழ்ச்சிகள் உண்டு. உழைத்தவனைச் சேராத சட்டம், உடையவனுக்கு வேலியாகவே முடியும்.

*

'மேல்நாட்டுக் கதை நமக்கெதற்கு? நம் இசை தூய இசை. கலப்பு அறியாத கங்கை' என்று கூறுவோர் இங்கே இருக்கிறார்கள். அவர்களைக் காஞ்சிக்கே அழைத்து வருவோம்.

கருநாடக இசையின் மும்மூர்த்திகள் எனப் போற்றப்படுவோரில் ஒருவர் முத்துசாமி தீட்சிதர். 1835இல் மறைந்தவர், இந்தக் காஞ்சியிலும் சில காலம் வாழ்ந்தவர். இளமையில் சென்னையை அடுத்த மணலியில் முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இருந்தபோது, கோட்டையில் கும்பினிப் பட்டாளம் முழக்கிய ஆங்கிலேய இசை அவர் காதில் விழுந்தது. விழுந்ததும் காதைப் பொத்திக்கொண்டாரா? இல்லை. அந்த மெட்டுகளை எடுத்தார். வடமொழிச் சொற்களைக் கோத்தார். 'நோட்டு சுரம்' என இன்றும் குழந்தைகளுக்குக் கற்பிக்கப்படும் பாடல்கள் அவை, ஏறத்தாழ நாற்பது. அவற்றுள் ஒன்றன் மெட்டு எது தெரியுமா? இங்கிலாந்து மன்னனை ஆண்டவன் காக்க வேண்டும் என்னும் அந்நாட்டு வாழ்த்துப் பாட்டின் மெட்டு! அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் பிடில் கற்றார். அந்தப் பிடில் இன்று கருநாடக இசை மேடையில் பாடகருக்கு நிழலாக, நீங்காத் துணையாக வீற்றிருக்கிறது.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, பெருமையாகவே சொல்கிறோம். கலைஞனின் காது சுங்கச் சாவடி அல்ல. நல்லோசை எங்கிருந்து வந்தாலும் வரவேற்ற உள்ளம் பெரிய உள்ளம். நாம் கேட்பது வேறு. பட்டாளத்து மெட்டுக்கு வடமொழி உடுத்தினால் புதுமை என்று பூரித்தவர்களின் வழித்தோன்றல்கள், அதே மேடையில் தமிழ்ப் பாட்டுக் கேட்டபோது ஏன் முகம் சுளித்தனர்? 1943இல் அண்ணாமலைச் செட்டியார் முயற்சியில் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தபோது, 'இசைக்கு மொழி ஏது?' என்று கேட்டார்களே! மொழி இல்லையென்றால் தெலுங்குக்கும் வடமொழிக்கும் மட்டும் நடுமேடை எதற்கு? தமிழுக்கு மட்டும் கச்சேரியின் கடைசியில் 'துக்கடா' என்ற ஒட்டுத் திண்ணை எதற்கு? கலப்பை அவர்கள் வெறுத்ததில்லை, தோழர்களே! கலப்பது யார் என்பதைப் பார்த்தே வெறுப்பையும் விருப்பையும் அளந்து வழங்கினர்.

மேடையிலே இந்தப் பூசல் நடந்தபோது தெருவிலே என்ன நடந்தது? பார்சி நாடகக் குழுக்கள் கொண்டுவந்த இந்துஸ்தானி மெட்டுகள் தமிழ் நாடகத்தில் தமிழ் உடுத்தின. சந்தையில் சல்லிக் காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். பாட்டின் தலைப்பிலேயே, 'இன்ன பாட்டின் மெட்டு' என்று அச்சிட்டிருப்பார்கள். மலிவுத் தாளில், மங்கிய மையில், எடுத்ததை எடுத்தேன் என்று சொல்லும் நேர்மை! ஒலித்தட்டு இந்தியாவுக்கு வந்த புதிதில், 1902இல், கல்கத்தாவில் பாடிய கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் தம் பெயரைத் தாமே உரக்கச் சொன்னார். தட்டில் சீட்டு ஒட்டுவோர் பெயரைத் தவறவிடக் கூடாது என்பதற்காக எழுந்த வழக்கம் அது. நூறாண்டு கழிந்தும் அந்தத் தட்டைச் சுழற்றினால் அப்பெயர் ஒலிக்கிறது. பாடியவரின் பெயர் பாட்டோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

*

இனி நம் காலத்துக்கு வருவோம்.

1994இல் 'காதலன்' படத்தில் ஏ. ஆர். ரகுமான் இசையில் 'பேட்டை ராப்' ஒலித்தது. அமெரிக்கத் தெருவின் பேச்சுப் பாட்டும் சென்னைப் பேட்டையின் பேச்சும் கைகோத்தன. சுரேஷ் பீட்டர்ஸ், சாகுல் அமீது ஆகியோரோடு, நாட்டுப்புறக் குரலுக்குரிய தேனி குஞ்சரம்மாளும் பாடினார். 2006இல் மலேசியத் தமிழ் இளைஞர்களான யோகி பி-யும் 'நட்சத்திரா' குழுவினரும், 1980இல் 'நிழல்கள்' படத்துக்கு இளையராசா அமைத்த 'மடை திறந்து' பாட்டை எடுத்து, அதன்மேல் தம் தமிழ் ராப்பை ஏற்றினர். கடல் கடந்த தோட்டக்காட்டுத் தமிழரின் பேரப்பிள்ளைகள், பண்ணைப்புரத்துக் கலைஞனின் மெட்டைக் கொண்டு தமிழகத்தின் கதவைத் தட்டினர், கதவு திறந்தது.

அடுத்த ஆண்டு இதைவிட வியப்பு நிகழ்ந்தது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போருக்கு அஞ்சி இலண்டன் சேர்ந்த மாயா அருள்பிரகாசம், 'எம்.ஐ.ஏ.' என்ற பெயரில், தம் தாயின் பெயரையே தலைப்பாக்கி 'கலா' என்ற தொகுப்பை 2007இல் வெளியிட்டார். அதற்காகச் சென்னைக்கு வந்து உறுமி முழக்குவோரைக் கொண்டு ஒலிப்பதிவு செய்தார். 'தளபதி' படத்தின் 'காட்டுக்குயிலு' பாட்டிலிருந்து ஒலித்துண்டு எடுத்தார். 'பேப்பர் பிளேன்ஸ்' என்ற பாட்டுக்கு, 'தி கிளாஷ்' என்னும் ஆங்கிலேய ராக் குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாட்டிலிருந்து அடிநாதம் எடுத்தார். அக்குழுவினரையும் ஆசிரியர் வரிசையில் சேர்த்தார். வந்தேறிகளின் துயரைப் பாடிய ராக் பாட்டின்மேல், வந்தேறியான தமிழ்ப்பெண்ணின் ஏளனக் குரல்! அடுத்த ஆண்டே அமெரிக்க ஹிப்-ஹாப் பெருந்தலைகள் அவர் குரலை வெட்டியெடுத்துத் தம் பாட்டில் சுழற்றினர். எடுத்தவரிடமிருந்தே எடுத்தனர். ராக்கும் ஹிப்-ஹாப்பும் பகை என்று ஏனாத்தூரில் வாதிட்ட தம்பிகளுக்கு, அவை சந்தித்த இடங்களில் ஒன்றில் நம் உறுமியும் இருந்தது என்பதை யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

2018 சனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்த்த குழு. பெயரின் வேர், 'சாதியற்ற தமிழர்' என்று சொன்ன அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனை. சாவு வீட்டு வாசலோடு நில் என்று தள்ளிவைக்கப்பட்ட பறையும் கானாவும், ராக் கிதாரோடும் ராப் பேச்சோடும் ஒரே மேடையில் தோளுரசி நின்றன. இங்கே கலப்பு என்பது பொழுதுபோக்கு அன்று. சுவரை இடிக்கும் கடப்பாரை.

அந்த மேடையில் வளர்ந்த அறிவு, 2021இல் தீயுடன் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி', சந்தோஷ் நாராயணன் இசையில் வெளிவந்து, கோடிக்கணக்கானோரை எட்டியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நிலமின்றித் திரும்பிய பாட்டி வள்ளியம்மாளின் நினைவு அந்தப் பாட்டின் உயிர். ஆனால் அவ்வாண்டே இசை இதழ் ஒன்றின் அட்டையில் அப்பாட்டின் புகழ் பேசப்பட்டபோது, எழுதிப் பாடிய அறிவின் முகம் இல்லை. கண்டனம் எழுந்தது, பின்னர் அவர் முகமும் தனி அட்டையாக வெளிவந்தது. 2022இல் சென்னையில் சதுரங்க ஒலிம்பியாடு தொடக்க விழாவில் அப்பாட்டு ஒலித்தபோதும் அவர் மேடையில் இல்லை. பாட்டு யாருடையது என்ற பேச்சு மீண்டும் மூண்டது. மெட்டமைத்தவர், பாடியவர், எழுதியவர் மூவரும் தத்தம் உழைப்பை எடுத்துரைத்தனர். அவர்களுக்குள் நடுவராக நாம் அமரவில்லை. நிலமற்றோரின் பாட்டிலேயே பெயருக்கு இடம் கேட்டு நிற்கும் நிலை வந்ததே, அதுதான் நெஞ்சைச் சுடுகிறது.

சட்டம் என்ன செய்கிறது? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இயற்றியவருக்கு வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டும் உரிமை தருகிறது. 1994இல் நிகழ்த்துவோர்க்கும் உரிமை சேர்ந்தது. 2012இல் செய்த திருத்தம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் பங்குத்தொகையைப் படக்கம்பெனிக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாதபடி காத்தது; நிகழ்த்துவோர் தம் பெயர் சொல்லப்பட வேண்டும் எனக் கோரவும் வழி செய்தது. நல்ல முன்னேற்றம். ஆனால் ஒப்பாரிக்கு ஆசிரியர் யார்? பறையின் அடவுக்கு உரிமைப் பத்திரம் எங்கே? தாலாட்டைப் பதிவு செய்த அலுவலகம் எது? தலைமுறை தலைமுறையாகச் சேரியும் வயலும் வளர்த்த இசை, சட்டத்தின் கண்ணுக்கு ஆளில்லாத நிலம். ஆளில்லாத நிலத்தில் முதலில் வேலி போடுபவன் உடையவன் ஆகிறான். மண்ணில் நடந்த அதே கதை, மெட்டிலும்!

*

ஏனாத்தூர் முதியவரிடம் திரும்புவோம். அவர் அன்று தம் கதையையும் சொன்னார்.

"யாளிக் கரை போட்டு ஒரு சேலை நெய்தேன். உடலுக்கு ஒரு நாடா, இருபக்கக் கரைக்கும் வேறு நாடா. பக்கத்தில் ஒரு துணையாள் உட்கார்ந்து, இழைக்கு இழை கரையையும் உடலையும் கோர்க்க வேண்டும். அதுதான் கோர்வை. சேலை கிழிந்தாலும் கோர்வை விடாது. யாரோ படம் பிடித்துக்கொண்டு போய், அதே யாளியை விசைத்தறியில் அடித்து, பாதி விலைக்கு விற்றுவிட்டார்கள். யாளியை எடுத்ததற்காக நான் வருந்தவில்லை, தம்பி. அந்த யாளியை என் பாட்டனார் கைலாசநாதர் கோயில் தூணைப் பார்த்துத்தான் எடுத்தார். ஆனால் என் கூலி போயிற்றே! காஞ்சிப் பட்டு என்று பொய்ப்பெயர் வேறு வைத்தார்களே!"

1985ஆம் ஆண்டுச் சட்டம் கைத்தறிக்கெனச் சில துணிவகைகளை ஒதுக்கியது. 2005ஆம் ஆண்டு காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்குக் காவல் வந்தது. நெய்தவன் பெயர் இன்னும் சேலையில் இல்லை.

அவர் சொன்ன கைலாசநாதர் கோயிலையே பாருங்கள். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராசசிம்மன் எழுப்பியது. அவன் விருதுப் பெயர்கள் இருநூற்றுக்கு மேல் அங்கே கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. வெட்டிய உளியைப் பிடித்தவன் பெயர் எந்தப் பள்ளிப் பாடத்தில் இருக்கிறது? ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முன் தொடங்கிய இருட்டடிப்பு, இசைத்தட்டிலும் திரையிலும் தொடர்கிறது.

ஆகவே, தம்பிகளே, கலப்பு வேண்டாம் என்று கூறாதீர்கள். கருநாடகத்துப் பட்டும் சூரத்துச் சரிகையும் சேராமல் காஞ்சிச் சேலை இல்லை. பிடில் சேராமல் கருநாடகக் கச்சேரி இல்லை. கறுப்பரின் பாட்டுச் சேராமல் ராக் இல்லை. ராக்கின் முழவு சேராமல் ஹிப்-ஹாப்பின் பாதி இல்லை. கலவுங்கள், கோர்வைபோல் கலவுங்கள். உடல் வேறு, கரை வேறு என்று கண்ணுக்குத் தெரியட்டும். ஒன்றையொன்று விடாமல் பிடித்திருக்கட்டும். துணையாளாக உட்கார்ந்து இழை கோத்தவனுக்கும் கூலி சேரட்டும்.

திருட்டு, திரட்டு. எழுத்திலே ஓர் உகரம்தான் வேற்றுமை. வாழ்விலே அந்த வேற்றுமை ஒரு மனிதனின் பெயர். ஒரு குடும்பத்தின் சோறு. பெயரைச் சொல்லிப் பங்கைக் கொடுத்தால் திரட்டு. மறைத்தால் திருட்டு. எடுத்தவன் மன்னனாயினும் சரி, மாமேதையாயினும் சரி, நமக்கு மிகப் பிடித்த பாடகனாயினும் சரி, கேட்க வேண்டிய கேள்விகள் அந்த இரண்டுதான்:

சொன்னானா? கொடுத்தானா?